தோல்

தால்காவானோவில் ஜூலை என்றால் மழை.
பேருந்தின் முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே
ஒரு மாதம் போய்விடும் எனக்கு.
அந்த மழையில்தான் அக்கா வந்தாள்,
வானம் நனைவதே அபூர்வமான
அந்தோஃபகாஸ்தாவிலிருந்து,
பதினெட்டு வருடம் கழித்து
ஒரே ஒரு பெட்டியோடு.

வீட்டை விற்க இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.
அதற்கு முன் அவளுக்கு ஒன்று தரலாம் என்று
பின்னறைச் சாமான்களுக்கு அடியிலிருந்து
பழைய மண்ணெண்ணெய்க் கணப்பை இழுத்து வைத்திருந்தேன்.
துருவைச் சுரண்டி, திரியை மாற்றி,
முனை பெட்ரோல் பங்கில் இரண்டு லிட்டர் வாங்கி.
கடைக்காரப் பையன் கேட்டான்:
இதையெல்லாம் இன்னுமா எரிக்கிறீர்கள்?

பற்றவைத்ததும் முதலில் மண்ணெண்ணெய்.
புருவத்துக்கு நடுவில் போய் உட்காரும் வாடை.
பிறகு தகரத் தட்டின் மேல்
ஆரஞ்சுத் தோலை வைத்தேன்,
வெள்ளைப் பக்கம் கீழே இருக்க,
அம்மா வைப்பதுபோல.
ஓரம் சுருண்டது.
கருகுவதற்கு ஒரு நொடி முன்பு
அது வந்தது.

எனக்கு ஏழு வயது.
கம்பிமேல் காலுறைகள் ஆவி விடுகின்றன.
வெளியே மீன்மாவு ஆலையின் நாற்றம்
ஊரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
காசின் வாசனை என்பார்கள் அதை;
காசு வேறு யார் வீட்டுக்கோ போயிற்று.
எங்கள் கதவுக்குள் மட்டும் அதற்கு இடமில்லை.
ஏழாம் வாய்ப்பாட்டில் எட்டுக்கு மேல் ஏறாமல்
திணறிக்கொண்டிருக்கிறேன்.
எதெல்மீரா ஒரு சுளையைப் பிய்த்து
என் வாய்க்குள் திணிக்கிறாள்.
விதையை உள்ளங்கையில் துப்புகிறேன்.

"சுளை ஊட்டுவியே, ஞாபகமிருக்கா?" என்றேன்.
அக்கா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.
மழை உள்ளே வந்தது.

"எந்தச் சுளை?
நம்ம வீட்டுல ஆரஞ்சு ஏதுடா, நொல்பெர்தோ?
சனிக்கிழமைச் சந்தையில
பழச்சாறு வண்டிக்குப் பின்னாடி
வாளி வாளியா தோலைக் கொட்டியிருப்பான்.
நான்தான் பொறுக்கிட்டு வருவேன்,
பள்ளிக்கூடப் பையில.
பூகோளப் புத்தகம் பூரா அந்த வாடைதான்.
டீச்சர் கேட்டா
தினம் பழம் சாப்பிடுறேன்னு சொல்லிவைப்பேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நாற்பத்தைந்து வருடமாக
நாக்கின் ஓரத்தில் வைத்திருக்கிறேனே,
அந்தப் புளிப்பு?
தொண்டைக்குள் இறங்கிய அந்தக் குளிர்ச்சி?
காய்ச்சலில் படுத்தபோதெல்லாம்
என்னைத் தேற்றியது
நான் தின்னாத பழமா?

"விதை இருந்ததே" என்றேன், கெஞ்சுவதுபோல.

"தோலோட ஒட்டிக்கிட்டு ஒண்ணு ரெண்டு வரும்.
அதைச் சப்பிக்கிட்டே தூங்கிடுவ."

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.
குளிர் தாங்காமல் அவளே ஜன்னலைச் சாத்தினாள்.
தட்டில் தோல் கருகத் தொடங்கியிருந்தது.
வெறும் விரலால், சூடு பாராமல்,
அதைப் புரட்டிப் போட்டாள்.
மேலே இன்னொன்றையும் வைத்தாள்.
மூக்குக்கு எதுவும் தெரியாது.
அது பாட்டுக்கு
எனக்குச் சுளையையும்
அவளுக்கு வாளியையும் கொண்டுவந்து போட்டது.

மறுநாள் கையெழுத்து. அன்றிரவே அவளுக்கு விமானம்.
கணப்பை, வாங்கியவர்களுக்கே விட்டுவிட்டோம்.

இன்று மாலை, கடைசிக்கு முந்தைய சுற்று.
பின்னிருக்கையில் ஒரு மாணவி
கமலா ஆரஞ்சு உரிக்கிறாள்.
ஈரக் கோட்டுகள், டீசல், யாருடையதோ இருமல்
எல்லாவற்றையும் தாண்டி
அது என்னிடம் வந்து சேர்கிறது.
சுளையை நான் பார்க்கவில்லை.
தோலை எங்கே போடப்போகிறாள் என்று
கண்ணாடியில் பார்த்தபடியே
ஒரு நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன்.

யாரோ மணியடிக்கிறார்கள்.